யாரிடமிருந்து பெற்ற பாட்டு

கீலாவிக், வடக்கு யூயிஸ்ட் தீவு, ஸ்காட்லாந்து
4 மார்ச் 2019

அன்புள்ள எஃபி,

தொலைபேசியில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நீ பெருமூச்சு விடுவாய், ஐந்தாவது நிமிடத்தில் நான் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

சென்ற செவ்வாய் காலை பதினொரு மணிக்கு உன் நால்வர் இசைக்குழு வாசித்ததை வானொலியில் கேட்டேன். 'துறையில் துவைப்பவள்' என்று அறிவிப்பாளர் பெயரைச் சொன்னதும் அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்குச் சங்கீத இலக்கணம் தெரியாது. ஆனால் செல்லோ தண்ணீராக ஓடியது தெரிந்தது. இரண்டு வயலின்களும் ஈரத்துணியை இருவர் இரண்டு முனையில் பிடித்து முறுக்குவதுபோல முறுக்கிக்கொண்டன. பிறகு நீ வயோலாவில், நான் அனுப்பிய அந்த மெட்டை எடுத்தாய். வகுப்பில் வருடம் முழுக்க வாய் திறக்காத பெண் ஒருநாள் தானாகக் கையைத் தூக்கினால் எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்ப்பார்கள் அல்லவா, அப்படி இருந்தது.

பெருமையாகத்தான் இருந்தது. நிஜமாக.

ஒரு விஷயம். மார்சலி வீட்டுக்குள் வருவதை நிறுத்திவிட்டாள். இருபத்தாறு வருடமாக நம் ஊருக்குத் தபால் கொண்டுவருகிறாள்; இருபத்தாறு வருடமாக வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து ஒரு கோப்பைத் தேநீர் குடித்து, யார் வீட்டு ஆடு யார் வேலியைத் தாண்டியது என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு தபாலை வாசல் கம்பத்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். கடையில் பார்த்து வணக்கம் சொன்னேன். 'ம்' என்று சொல்லிவிட்டு மீன் டப்பாக்களைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

'பெயர் தெரியாத ஒரு தீவுப் பெண்ணின் பழம்பாடலை ஒட்டி' என்று அறிவிப்பாளர் சொன்னார். அது நீ எழுதிக் கொடுத்ததா? அவளுக்கு அது பிடிக்கவில்லையோ என்னவோ. ஜூன் 14 நம் ஊர் மன்றத்தில் நீங்கள் வாசிக்கிறீர்களே, அன்றைக்கு வேறு ஏதாவது வாசித்தால் என்ன? உன்னிடம்தான் எத்தனையோ இருக்கின்றனவே.

அன்புடன்,
லாக்லான்

*

கிளாஸ்கோ
11 மார்ச்

அண்ணா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாவது முறை சந்தேகம் வந்தது.

சென்ற வருடம் நீ எழுதியது என் மேசையில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: 'மார்சலியிடம் கேட்டேன். நீ பயன்படுத்துவதில் அவளுக்குச் சந்தோஷம்தான். பெயர் மட்டும் போட வேண்டாமாம், கூச்சப்படுகிறாள்.' அதை நம்பித்தான் 'பெயர் தெரியாத' என்று எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதே கை கூசியது. நம் ஊரில் பாட வாயைத் திறப்பவர்கள் முதலில் என்ன சொல்வார்கள்? 'இந்தப் பாட்டை இன்னாரிடமிருந்து பெற்றேன்.' அதைச் சொல்லாமல் பாடினால் கிழவர்கள் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, 'யாருகிட்ட இருந்து?' என்று கேட்பார்கள். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் அப்படிச் சொல்ல வைத்தவன் நீ. வாத்துப் பாட்டைப் பாடிய ஐந்து வயதுக் குழந்தையைக்கூட விட்டதில்லை.

சந்தோஷப்பட்டவள் ஏன் 'ம்' என்கிறாள்?

வேறு ஏதாவது வாசி என்கிறாய். இந்தப் படைப்புக்கு மூன்று வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அக்டோபரில் இசைத்தட்டாக வருகிறது. கதை நம் எல்லோருக்கும் பொதுவானது. பிரசவத்தில் செத்த பெண்ணின் துணிகளை ஒன்றுவிடாமல் வீட்டார் துவைத்துவிட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும், அவள் இயல்பாகச் சாக வேண்டிய நாள் வரும்வரை ஆற்றுத்துறையில் தானே உட்கார்ந்து துவைத்துக்கொண்டிருப்பாள். இதை நானா கண்டுபிடித்தேன்? ஆனால் அந்த மெட்டு பொதுவானதில்லை. அது ஒரு குரல். அது இல்லாவிட்டால் என் படைப்பில் வெறும் தண்ணீர்ச் சத்தம்தான் மிஞ்சும்.

நீ எனக்கு அனுப்பிய பிரதி நான்கு நிமிடம். ஒரு மூச்சின் நடுவில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் என்ன இருக்கிறது? மூல கேசட்டை முழுசாக அனுப்பு.

எஃபி

*

கீலாவிக்
20 மார்ச்

அன்புள்ள எஃபி,

குட்டி போடும் காலம். பக்கத்து வீட்டு ஆடுகளுக்கு நானும் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. காற்று வேறு நான்கு நாளாக நிற்கவில்லை. கூரையில் ஒரு தகடு ஆடுகிறது.

கேசட் பழசு. 1994-இல் பிள்ளைகளுக்காகப் பதிவு செய்தது. ஊர்ப் பெரியவர்களிடம் பாட்டுக் கேட்டு வரும் பாடத்திட்டம் ஒன்று வைத்திருந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். நாடா எங்காவது சிக்கிக்கொண்டால் நான் பொறுப்பில்லை. கேட்டுத்தான் ஆக வேண்டுமா என்று யோசித்துப் பார்.

இந்த வரிக்கு மேலே ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். கணக்கின் விடையைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பார்த்து எழுதும் பிள்ளையிடம் 'எப்படி வந்தது, படிப்படியாகச் சொல்' என்று கேட்டால் அது தன் செருப்பைப் பார்க்கும். நான் எத்தனை பிள்ளைகளைச் செருப்பைப் பார்க்க வைத்திருக்கிறேன்.

கேசட்டைத் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். என்னால் எழுத முடியவில்லை. நீயே கேட்டுக்கொள்.

பொட்டலத்தை மார்சலியின் கையில்தான் கொடுத்தேன். எடை பார்த்தாள். 'உடையிற சாமானா?' என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் என்னோடு மூன்று வாரத்தில் பேசியது அவ்வளவுதான்.

லாக்லான்

*

கிளாஸ்கோ
2 ஏப்ரல்

அண்ணா,

கேட்டேன்.

முதலில் அவள் இரண்டு பால் கறக்கும் பாட்டுகளைப் பாடுகிறாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் யாரிடமிருந்து பெற்றது என்று சொல்கிறாள். நீ சிரிக்கிறாய். தேநீர் ஊற்றும் சத்தம். பிறகு அவள் குரல் இறங்குகிறது.

'இன்னொண்ணு இருக்கு லாக்கி. புள்ளைங்களுக்கு இல்ல. யாருக்கும் இல்ல. அத நிறுத்திட்டியா?'

'நிறுத்திட்டேன்.'

'நெசமா?'

'அட, நிறுத்திட்டேன்னு சொல்றேன்ல.'

நீ சொல்கிறாய். உன் குரல். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் அதே இதமான குரல். பதிவுக் கருவியின் பொத்தானை அமுக்கும் சத்தம்கூட இல்லை. அதற்குப் பிறகு எனக்கு நீ அனுப்பிய அந்த நான்கு நிமிடம்.

'சட்டையைக் கீழே வை அம்மா, கை சில்லிட்டுப் போகும், மிச்சத்தை நான் துவைக்கிறேன்.' மூன்று வருடமாக இந்த வரியைப் பழங்காலத்து வரி என்று நினைத்து வயோலாவில் இழைத்துக்கொண்டிருந்தேன். அது ஒன்பது வயதுப் பெண் தானே கட்டிய பாட்டு. பாடி முடித்ததும் சொல்கிறாளே, நீ எனக்கு அனுப்பாமல் வெட்டிய பகுதியில்: அவள் பிறந்த அன்று அம்மா ஊனா செத்துப்போனாள், அப்பாவின் பெட்டியில் அம்மாவின் நீல ரவிக்கை ஒன்று துவைக்காமலே இருந்தது, அதைத் துவைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. ஒன்பது வயதில் அதைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓடைக்கு எடுத்துப்போய்த் துவைத்தாள். ஒரு தடவை போதுமா, எத்தனை தடவை என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. துணி நைந்து கையோடு வரும்வரை துவைத்தாள்.

நீ அவளிடம் அனுமதி கேட்கவே இல்லை. என்னிடமும் பொய் சொன்னாய். உன்னைத் திட்ட இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை. காரணம் சொல்கிறேன்.

கேசட்டில் அவள் சொல்கிறாள்: 'பள்ளிக்கூடத்துல ஒருத்தி சொன்னா, உங்கம்மா இன்னும் துறையிலதான் துவைச்சிக்கிட்டு இருக்கான்னு. அப்பத்தான் பெட்டியத் தொறந்தேன்.' நீ கேட்கிறாய், 'யாரு சொன்னா?' அவள், 'அது எதுக்கு இப்ப' என்கிறாள்.

அது நான், அண்ணா.

மழைக்கு ஒதுங்கி நாங்கள் எல்லோரும் கரி மூட்டைக் கொட்டகையில் நின்றிருந்தோம். அவள் புது மழைக்கோட்டு போட்டிருந்தாள். எனக்கு இல்லை. அவ்வளவுதான் காரணம். சொன்னதும் மற்றவர்கள் சிரித்தார்கள், எனக்கு நன்றாக இருந்தது. அவள் அழவில்லை. 'எந்தத் துறையில?' என்று மட்டும் கேட்டாள். நான் கையை நீட்டிக் காட்டினேன். இதை நான் மறக்கவில்லை. மறந்தவள் மாதிரி ஐம்பத்தொரு வருடம் இருந்தேன். பிறகு அதையே எடுத்து நால்வருக்கான படைப்பாக எழுதி, 'என் இளமையில் கேட்ட ஐதீகம்' என்று அறிமுகக் குறிப்பும் எழுதினேன். கேட்டேனாம். சொன்னவளே நான்.

படைப்பைத் திரும்பப் பெறுகிறேன். செல்லோ வாசிக்கும் டூகலிடம் சொன்னேன். காரணம் கேட்டான். வயிறு சரியில்லை என்று சொன்னேன். அறுபது வயதில் பள்ளிக்கூடப் பிள்ளையின் சாக்கு.

எஃபி

*

கீலாவிக்
16 ஏப்ரல்

அன்புள்ள எஃபி,

உன் கடிதம் வந்த அன்று நான் அதைப் பிரிக்கவில்லை. மறுநாள் பிரித்தேன். அதற்கடுத்த நாள் வாசலில் போய் நின்றுகொண்டேன், பத்தரை மணிக்கு, கையில் ஒன்றும் இல்லாமல்.

வண்டி வந்தது. கண்ணாடியை இறக்கினாள். இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன், பேச வேண்டும் என்றேன்.

'நிறுத்தணுமா?' என்று கேட்டாள். 'நிறுத்திட்டேன்னு சொன்னாப் போதாதா வாத்தியாரே?'

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆனாலும் சொன்னேன். கேசட்டை நிறுத்தாதது, உனக்கு அனுப்பியது, அனுமதி கேட்டதாக உன்னிடம் சொன்னது, மூன்றையும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஏன் நிறுத்தவில்லை என்று அவள் கேட்டபோது, இப்படி ஒரு பாட்டு காற்றோடு போய்விடக் கூடாது என்று நினைத்தேன் என்றேன். பாதி உண்மை. மீதியை உனக்கு எழுதுகிறேன்: ஊரில் எவரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இருபத்திரண்டு வருடம் அலமாரியில் வைத்து யாருக்கும் போட்டுக் காட்டாமல் மகிழ்ந்தேன். பிறகு நீ, என்னிடம் எதுவும் கேட்டே பழக்கமில்லாத நீ, பழைய பாட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாய். அவளிடம் போய்க் கேட்டிருந்தால் மறுத்திருப்பாள். அதனால் கேட்கவில்லை. திருடனுக்காவது பூட்டை உடைக்கும் உழைப்பு உண்டு. எனக்கு அவள் தானே கதவைத் திறந்து, தேநீரும் கொடுத்தாள்.

மார்சலி வானொலியை வண்டியில் கேட்டிருக்கிறாள். முதல் ஐந்து சுரத்திலேயே தெரிந்துவிட்டதாம். ஏரி வளைவில் வண்டியை ஓரமாக நிறுத்தி, பதினொரு வீட்டுத் தபாலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டிருக்கிறாள். வாசித்தது குறையில்லை என்றாள். 'பேர் தெரியாதவ' என்று அந்த ஆள் சொன்னதுதான் பொறுக்கவில்லையாம்.

'எனக்குப் பேர் இருக்கு லாக்கி. எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. எங்கிட்ட தபால் குடுக்குறப்ப எல்லாம் எம் பேரச் சொல்லித்தான கூப்பிடுற?'

பிறகு உன்னைப் பற்றிச் சொன்னேன். நீ எழுதியதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஏரியைப் பார்த்துச் சொன்னாள்.

'யாரு சொன்னான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். எதிர்ல நின்னு சொன்னாளே, தெரியாமப் போகுமா? அவளுக்கு அப்ப ஒம்பது வயசு. நிறுத்திட்டேன்னு நீ சொன்னப்ப உனக்கு நாப்பத்தொண்ணு.'

அதைச் சொல்லிவிட்டு வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள். நான் நகரவில்லை. மறுபடி முன்னால் வந்து, கண்ணாடி வழியாக இன்னொன்று சொன்னாள். நீங்கள் வாசிக்காமல் விட்டால் அந்தக் கேசட் மட்டும்தான் மிஞ்சும், அது அவளுக்கு வேண்டாம். ஊர் மன்றத்தில் வாசிக்க வேண்டும். ஆனால் வாசிப்பதற்கு முன்னால், நம் வழக்கப்படி, யாரிடமிருந்து பெற்றது என்று ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நான். யாரிடமிருந்து என்பதோடு எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த மன்றத்தில் உட்காரப் போகிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள், எஃபி. மீதிப்பேர் தங்கள் பிள்ளைகளை என்னிடம் அனுப்பியவர்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன். அன்று முதல் என்ன சொல்வது என்று எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

லாக்லான்

*

கிளாஸ்கோ
7 மே

அண்ணா,

டூகலிடம் உண்மையைச் சொன்னேன். மற்ற இருவரிடமும் சொன்னேன். இளைய வயலின்காரி உடனே தன் குறிப்பில் 'பெயர் தெரியாத' என்ற இடத்தைப் பென்சிலால் அடித்து, எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள். மார்சலி, ஊனாவின் மகள். இசைத்தட்டில் என்ன வர வேண்டும், வரவே வேண்டுமா என்பது மார்சலியின் முடிவு என்று பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன்.

மார்சலிக்கு எட்டுப் பக்கம் எழுதினேன். நேற்று அது பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. உறையின் மேல் அவள் கையெழுத்தில் ஒரே வரி: 'எட்டுப் பக்கத்த வச்சிக்கிட்டு என்ன பண்றது, நேர்ல வா.' நான் எழுதியது எட்டுப் பக்கம் என்று எப்படித் தெரிந்தது? எடையைக் கையால் பார்த்திருப்பாள்.

நேரில் போக எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நீ எழுந்து சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லட்டுமா என்று கேட்க நினைத்தேன். அது உனக்குச் செய்யும் உதவியாக இருக்காது. அவளுக்கும் இருக்காது. கேட்கவில்லை. கேசட்டைக் கொண்டுவருகிறேன்.

எஃபி

*

கீலாவிக்
17 ஜூன், திங்கள் காலை

அன்புள்ள எஃபி,

சனிக்கிழமை காலைக் கப்பலில் நீ போகும்போது நாம் இருவரும் வானிலையைப் பற்றி மட்டும் பேசினோம். நீ மார்சலி வீட்டில் ஒரு மணி நேரம் இருந்தாய். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. உன் கண் சிவந்திருந்தது. அது உங்கள் இருவருடையது.

வெள்ளிக்கிழமை நீ மேடையில் வயோலாவைத் தோளில் வைத்துக் குனிந்திருந்தாய், அதனால் மன்றத்தின் முகங்களை நீ பார்த்திருக்க மாட்டாய். நான் பார்த்தேன். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். நல்ல உரை. உதாரணங்கள் எல்லாம் வைத்திருந்தேன். எவ்வளவு பாடல்கள் நம் கண்முன்னே காணாமல் போயின, ஒரு ஆசிரியனின் கவலை என்ன என்று ஆரம்பித்தேன். இரண்டாவது பத்தியில் மூன்றாவது வரிசையிலிருந்து அவள் குரல் வந்தது. உரக்கக்கூட இல்லை.

'அதுக்காக இல்ல, லாக்கி.'

காகிதத்தை மடித்தேன். எனக்கு எழுத்தே தெரியவில்லை, கண்ணாடி போட்டிருந்தும். பிறகு சொன்னது உனக்குக் கேட்டிருக்கும்: இந்தப் பாட்டை ஊனாவின் மகள் மார்சலியிடமிருந்து எடுத்தேன், நிறுத்திவிட்டாயா என்று கேட்டாள், நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன், நிறுத்தவில்லை. உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் வாசித்தீர்கள். வாசித்த எதுவும் என் காதில் விழவில்லை, அதற்காகவும் மன்னித்துக்கொள்.

பிறகு தேநீர் வேளையில் எல்லோரும் என்னிடம் அன்பாக நடந்துகொண்டார்கள். அதுதான் தாங்கவில்லை. யாராவது திட்டியிருக்கலாம். என்னிடம் படித்த ஒருத்தி, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், தட்டில் எனக்கு இரண்டு ஸ்கோன் ரொட்டி வைத்து வெண்ணெயும் தடவிக் கொடுத்தாள், சுகமில்லாதவனுக்குக் கொடுப்பதுபோல.

இனி சொல்லப்போவதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன்னைக் கப்பலேற்றிவிட்டுத் திரும்பியபோது வாசலில் அவள் வண்டி நின்றது. எஞ்சினை அணைத்திருந்தாள். நீ கொடுத்த கேசட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். என் கையெழுத்தில் '3-ஆம் வகுப்பு, பாட்டுகள்' என்று இருந்தது.

'இது ஒண்ணுதானா? வேற பிரதி கிதி இருக்கா?'

'இல்ல' என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா. அவள் கேட்டு முடிப்பதற்குள் வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பட்டுமா வேண்டாமா என்று அந்த முகத்தில் தேடினாள். தேடி எதைக் கண்டாளோ, கேசட்டைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, 'சரி, தண்ணி காஞ்சிருக்கா?' என்று கேட்டாள். உள்ளே வந்தாள். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். ஆட்டைப் பற்றியும் வேலியைப் பற்றியும் பேசினாள். நான் சந்தோஷத்தில் கோப்பையைச் சிந்தினேன்.

அவள் போன பிறகுதான் உறைத்தது. அந்த நான்கு நிமிடம் உன்னிடம் இருக்கிறது. நானே வெட்டி அனுப்பியது. என் மேசை இழுப்பறையில் அதைப் பதிந்த குறுந்தட்டு ஒன்றும் கிடக்கிறது, தேடினேன், இருக்கிறது. ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை என்று உன்னிடம் சொல்லலாம். ஆனால் அவள் கேட்ட அந்தக் கணத்தில் எனக்கு வேண்டியிருந்தது உண்மை இல்லை. அவள் உள்ளே வர வேண்டும், அவ்வளவுதான். கேசட் பதிவு செய்த அன்றைக்கும் அதேதான். அன்றைக்கு அவள் பாட வேண்டும் என்று இருந்தது.

நேற்று முழுக்கத் தேவாலயத்தில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்தேன். உனக்கு எழுதி, உன்னிடம் இருப்பதை அழித்துவிடச் சொல்லி, இங்கே இருப்பதை அடுப்பில் போட்டுவிட்டால் நான் சொன்னது உண்மையாகிவிடும். விடையைப் பார்த்து எழுதிவிட்டுப் பிறகு கணக்கைப் போடுவதுபோல. யாருக்கும் தெரியாது. அவள் தினமும் வந்து தேநீர் குடிப்பாள்.

அதனால் அழிக்காதே. என்ன செய்வது என்று என்னையும் கேட்காதே, அவளைக் கேள். இங்கே இருக்கும் குறுந்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இப்போது வாசலுக்குப் போகிறேன். பத்தே கால் ஆகிறது. அவள் வண்டியை நிறுத்துவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்; நிறுத்திவிட்டால், உள்ளே வந்துவிட்டால், எனக்குத் தைரியம் போய்விடும். இன்றைக்குச் சொன்னபிறகு அவள் இனி வராமலே போகலாம். அடுப்பில் தண்ணீர் வைக்கவில்லை.

இந்தக் கடிதத்தையும் அவளிடம்தான் கொடுக்க வேண்டும். ஒட்டாமல் கொடுக்கிறேன். படிக்க வேண்டுமென்றால் படிக்கட்டும்.

லாக்லான்